கொங்குப் பக்கத்துப் பல் எக்ஸ்ரே: மெஷினுக்கு லைசென்ஸ் இருக்கிறது, எடுக்கிற கைக்கு?

பல் டாக்டர் துண்டுச் சீட்டில் 'ஓபிஜி' (முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) என்று எழுதி, "எடுத்துட்டு வந்துருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அனுப்புகிறார். அந்தச் சீட்டோடு எங்கே போவது, போன இடத்தில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதற்கான மதிப்பீடு இது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் நகரங்களிலும் அவற்றைச் சுற்றிய ஊர்களிலும் பல் எக்ஸ்ரே நான்கு வழியில் கிடைக்கிறது. கிளினிக்கில் நாற்காலிக்குப் பக்கத்திலேயே எடுப்பது, தனி எக்ஸ்ரே சென்டர், பல் மருத்துவக் கல்லூரி, முகாமுக்கு எடுத்து வரும் கைமெஷின். எந்தத் தனி நிறுவனத்துக்கும் இங்கே மதிப்பெண் போடவில்லை. நான்கு வகைச் சேவையும் எப்படி இருக்க வேண்டும், எங்கே சறுக்குகிறது என்பதுதான் பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மெஷின்களைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபிலிமைக் கழுவி உலர்த்திய காலம் போய், எடுத்த சில நொடிகளில் படம் கணினித் திரைக்கு வந்துவிடுகிறது. படம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஆளை நிறுத்தும் விதத்தில், தலையைப் பிடிக்கும் கோணத்தில், கழற்ற மறந்த கம்மலில். அதாவது, பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கும் டெக்னீஷியன் இருக்கும் இடம் நல்ல இடம். மெஷின் ஜெர்மனியா கொரியாவா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

லைசென்ஸ் விஷயத்தில் குழப்பம் அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். இந்தியாவில் மருத்துவ எக்ஸ்ரே மெஷின் எதுவானாலும், ஒற்றைப் பல் எடுக்கும் சின்ன மெஷின் உட்பட, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றே இயக்க வேண்டும். 1983இல் அமைக்கப்பட்ட இந்த வாரியத்தின் தலைமையகம் மும்பையில் இருக்கிறது. தென் மண்டல மையம் சென்னையில். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வந்த, 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள்தான் அடிப்படை. மருத்துவ எக்ஸ்ரேவுக்கென்று தனிப் பாதுகாப்பு நெறிமுறை ஒன்றும் உண்டு. 2016இல் திருத்தி வெளியிட்டார்கள்.

விண்ணப்பம் முழுக்க வாரியத்தின் 'இலோரா' என்ற இணையதளத்தில்தான். கிளினிக்கோ சென்டரோ முதலில் தன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வாங்கும் மாடல் வாரியத்தின் வகை ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் விலை மலிவு என்று ஆன்லைனில் வாங்கிவிட்டுப் பின்னால் உரிமத்துக்கு அலைகிறவர்கள் உண்டு. ஒப்புதல் இல்லாத மாடலுக்கு எத்தனை முறை விண்ணப்பித்தாலும் உரிமம் வராது. அறையின் வரைபடம், மெஷின் நிறுவிய பின் செய்த தரச் சோதனையின் அறிக்கை, இயக்குபவரின் தகுதிச் சான்று எல்லாம் சேர்ந்த பிறகுதான் உரிமம் வரும். அது 5 ஆண்டுக்குச் செல்லும். தரச் சோதனையை 2 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். கதிரை உண்டாக்கும் டியூபை மாற்றுவது போன்ற பெரிய ரிப்பேர் நடந்தால் நாள் பார்க்காமல் உடனே செய்ய வேண்டும்.

அந்தச் சோதனையில் என்ன பார்க்கிறார்கள்? மெஷினில் 70 கிலோவோல்ட் என்று வைத்தால் உண்மையிலேயே 70க்குப் பக்கத்தில் வருகிறதா (5க்கு மேல் விலகக் கூடாது), டைமர் சொன்ன நேரத்தில் நிற்கிறதா, ஒரே அளவில் பலமுறை அழுத்தினால் ஒரே அளவு கதிர் வருகிறதா, டியூபின் கூட்டிலிருந்து பக்கவாட்டில் கசிகிறதா, கதிர் வெளியே வரும் கூம்பின் முனையில் கதிர்வட்டம் சரியான அளவில் இருக்கிறதா. இதற்கென வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனங்கள் அளவுக் கருவிகளோடு நேரில் வந்து செய்கின்றன. அறிக்கையில் மெஷினின் வரிசை எண் இருக்கும். சுவரில் மாட்டிய உரிமத்தில் உள்ள எண்ணும், மெஷின் உடம்பில் ஒட்டிய தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. இரண்டாம் கையாக வாங்கிய மெஷினும் இடம் மாறிய மெஷினும் இதில் அகப்பட்டுவிடும், ஏனென்றால் உரிமம் அந்த மெஷினுக்கும் அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான். பெருந்துறையில் எடுத்த உரிமத்தை வைத்துக்கொண்டு அதே மெஷினைக் காங்கேயத்தில் ஓட்ட முடியாது.

இங்கேதான் தலைப்பில் கேட்ட கேள்வி வருகிறது. 'பல் எக்ஸ்ரே டெக்னீஷியன்' என்ற பெயரில் தனி ஆளுக்கு ஒரு லைசென்ஸ் அட்டை நம் நாட்டில் கிடையாது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், பல் மெக்கானிக் என்ற மூவரைத்தான் பதிவுக்குள் கொண்டுவந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் நிலைமை வேறு: கிளினிக் உதவியாளர் பல் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமானால் கதிர்வீச்சுப் பாதுகாப்பில் தனித் தேர்வு எழுதி மாநிலத்தின் அனுமதி வாங்க வேண்டும். நம் ஊரில் பல் மருத்துவர் தானே எடுக்கலாம். அவர் எடுக்காவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தோடு முடித்து, ரேடியோகிராபியில் முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர் எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தப் படிப்பு இரண்டு வழியில் நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித்தரும் இரண்டாண்டு ரேடியோ நோயறிதல் டிப்ளமா ஒன்று. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எஸ்சி. ரேடியோகிராபி பட்டம் இன்னொன்று. 2021இல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ரேடியாலஜி டெக்னாலஜிஸ்டுகளையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. இது நல்ல திருப்பம். ஆனால் இந்தப் படிப்புகளில் நெஞ்சு, எலும்பு, சிடி, எம்ஆர்ஐ என்று கற்க வேண்டியது மலைபோல இருக்கையில் பல்லுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். டிப்ளமா வாங்கிவிட்டு வந்தவர் நெஞ்சுப் படம் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். ஓபிஜியில் நாக்கை எங்கே வைக்கச் சொல்வது என்று தெரியாமல் இருக்கலாம். இதை அவர் குற்றம் என்று சொல்ல மாட்டோம். வேலைக்கு எடுத்த சென்டர் ஒரு மாதமாவது பல் படத்தில் தனிப் பயிற்சி தர வேண்டும். "இங்கே ஓபிஜி யார் எடுக்கறாங்க, என்ன படிச்சிருக்காங்க?" என்று கவுன்டரில் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல இடத்தில் உடனே பதில் வரும்.

இப்போது ஓபிஜி. முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் இதில்தான் டெக்னீஷியனின் கை நன்றாகத் தெரியும். மெஷின் முகத்தைச் சுற்றி வர 12 முதல் 18 நொடி ஆகும். அது தெளிவாகப் பிடிப்பது குதிரை லாட வடிவத்தில் உள்ள ஒரு மெல்லிய பட்டையை மட்டும்தான். முன்பல் பக்கத்தில் அந்தப் பட்டை மிகக் குறுகல். பல்வரிசை அதற்குள் விழுந்தால் படம் கூர்மையாக வரும், சில மில்லிமீட்டர் தள்ளினால் மங்கும். அதற்காகத்தான் கடிக்கும் குச்சியில் ஒரு பள்ளம் வைத்திருக்கிறார்கள். மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒன்றின் நுனி ஒன்றைப் பார்க்க அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். சும்மா குச்சியைக் கடித்தால் போதாது. பள்ளத்தைத் தாண்டி முன்னால் போய்விட்டால் முன்பற்கள் ஒல்லியாக, நசுங்கியதுபோல் வரும். பின்னால் நின்றால் அதே பற்கள் அகலமாக உப்பி வரும்.

அடுத்தது தாடையின் சாய்வு. கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் சேரும் கோடு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மெஷினில் இதற்கு ஒரு ஒளிக்கோடு விழும். தாடை கீழே குனிந்தால் பல்வரிசை ஆழமான புன்னகைபோல் வளைந்து, கீழ் முன்பல் வேர்கள் மங்கிப்போகும். தாடை மேலே தூக்கினால் வரிசை தட்டையாகி, மேலண்ண எலும்பின் வெள்ளைப் பட்டை மேல்பல் வேர்களின்மேல் விழுந்து மறைத்துவிடும். தலை ஒரு பக்கம் திரும்பினால் ஒரு பக்கக் கடைவாய்ப் பற்கள் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருக்கும். கையில் வாங்கிய படத்தில் தாடையின் இரு பக்கக் கிளை எலும்புகளின் அகலத்தை ஒப்பிட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். இதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

நாக்குதான் அதிகம் பேர் விடும் இடம். எச்சிலை விழுங்கி, நாக்கை மேலண்ணத்தில் முழுக்க ஒட்டி, உதட்டை மூடி, படம் முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும். நாக்கு கீழே கிடந்தால் மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் உள்ள காற்று, மேல்பல் வேர் நுனிகளின்மேல் ஒரு கறுப்புப் பட்டையாக விழும். வேர் நுனியில் சீழ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் படமே எடுத்திருப்பார்கள். அந்த இடமே இருண்டு போனால் எடுத்ததற்குப் பலன் இல்லை. "நாக்கை மேலே வைங்க" என்று மட்டும் சொன்னால் பலர் நுனியை மட்டும் தூக்குவார்கள். "சவ்வுமிட்டாயை அண்ணத்துல ஒட்டி உறிஞ்சுற மாதிரி வெச்சுக்கங்க" என்று சொன்னால் சிறுவருக்கும் பாட்டிக்கும் ஒரே தடவையில் புரியும். இப்படிச் சொல்லத் தெரிந்த டெக்னீஷியன் இருக்கும் இடத்தில் மறுபடம் குறையும்.

கழுத்தை வளைத்து நின்றால் முதுகெலும்பு படத்தின் நடுவில் கோபுரம்போல் ஒரு வெள்ளை நிழலைப் போட்டு முன்பற்களை மூடிவிடும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரை அடி முன்னால் எட்டு வைக்கச் சொன்னால் கழுத்து தானாக நிமிரும். முதுகு கூனிய பெரியவர்களை நிற்க வைத்துப் போராடுவதைவிட ஸ்டூலில் உட்கார வைத்து எடுப்பது நல்லது. தோள் அகலமானவர்களுக்குச் சுற்றும் கை தோளில் இடித்து நின்றுவிடும். அதனால் பொத்தானை அழுத்தும் முன் கதிர் இல்லாமல் ஒருமுறை சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைச் சுற்று பெரும்பாலான மெஷின்களில் இருக்கிறது. பல்லே இல்லாதவர்களுக்குக் கடிகுச்சி உதவாது. தாடை தாங்கியைப் போட்டு, இரு ஈறுகளுக்கு நடுவில் பஞ்சுருளை வைக்க வேண்டும்.

நகை விஷயத்தில் நம் பக்கத்துச் சென்டர்களுக்குத் தனிக் கவனம் தேவை. காதில் உள்ள தோடு, ஜிமிக்கி கழற்றப்படாவிட்டால் தன் இடத்தில் தெரிவதோடு நிற்காது. எதிர்ப்பக்கத்தில், சற்று மேலே, பெரிதாகி மங்கிய பேய் நிழலாக இன்னொரு தடவை விழும். வலது தோட்டின் நிழல் இடது மேல் கடைவாய்ப் பகுதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூக்குத்தி திருகு இறுகி வராமல் இருந்தால் கட்டாயப்படுத்தாமல், டாக்டருக்குத் தெரியும்படி சீட்டில் 'மூக்குத்தி உள்ளது' என்று எழுதிவிட்டால் போதும். அது விழுத்தும் புள்ளி சிறியது. தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லி வாக்குவாதம் செய்யும் இடங்கள் உண்டு. அதற்குத் தேவையே இல்லை. கொடியைக் கழுத்துப் பின்புறத்திலிருந்து தளர்த்தி, ரவிக்கைக்குள் கீழே இறக்கிவிட்டால் கதிர் போகும் பாதையிலிருந்து அது விலகிவிடும். கொண்டை ஊசி, ஹேர்பின், கண்ணாடி, செட்டுப் பல், காதுக்கருவி எல்லாம் கழற்ற வேண்டியவை. நகைக்கு ஒரு மூடித்தட்டும், கழற்ற ஒரு கண்ணாடியும் வைத்திருக்கிற சென்டர் யோசித்து நடக்கும் சென்டர். நகை பத்திரமாக இருக்கும் என்று தெரிந்தால்தான் அம்மிணிகள் தயங்காமல் கழற்றுவார்கள்.

ஈய ஏப்ரன் பற்றி இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. ஒற்றைப் பல் படத்துக்குக் கழுத்துப் பட்டையோடு கூடிய ஏப்ரன் போடலாம். ஓபிஜிக்குக் கழுத்துப் பட்டை போட்டால் கீழ்த்தாடை முழுக்க ஒரு வெள்ளைத் திட்டாகிவிடும். படத்தை மறுபடி எடுக்க வேண்டிவரும், பாதுகாப்பதற்குப் பதிலாகக் கதிர் இரட்டிப்பாகும். ஓபிஜிக்கு முன்னும் பின்னும் மறைக்கும் பட்டையில்லாத ஏப்ரன்தான் சரி. அதுவும் பின் கழுத்தில் ஏறாமல் தாழ்வாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், கதிர்வட்டத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தினால் ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் தேவையில்லை என்றே பரிந்துரைத்துவிட்டது. அதற்காக இங்கே ஏப்ரனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆனால் மடித்து ஆணியில் மாட்டி, உள்ளே ஈயத்தாள் விரிசல் விட்ட ஏப்ரனைப் போட்டுவிட்டதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. ஏப்ரனை மடிக்கவே கூடாது, அகலமான கம்பியில் தொங்கவிட வேண்டும். அது எப்படித் தொங்குகிறது என்பதைப் பார்த்தாலே அந்த இடத்தின் ஒழுங்கு புரியும்.

கிளினிக் நாற்காலியில் எடுக்கும் ஒற்றைப் பல் படத்தை நம் ஊரில் ஆர்விஜி என்பார்கள். வேர்ச் சிகிச்சைக்கு இதைவிட நல்லது இல்லை, இதற்காகச் சென்டருக்கு ஓட வேண்டியதும் இல்லை. நாங்கள் இதில் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: வாய்க்குள் வைத்துப் படம் பிடிக்கும் சென்சாரை யார் பிடிக்கிறார்கள்? நோயாளியின் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்வது பழைய பழக்கம். விரல் கதிரில் மாட்டுகிறது, சென்சார் வளைந்து கோணமும் கெடுகிறது. உதவியாளர் தன் விரலால் பிடிப்பது அதைவிடத் தவறு, ஏனென்றால் அவர் நாளைக்குப் பத்துப் பேருக்குப் பிடிப்பார். இதற்கென்றே ஹோல்டர் இருக்கிறது. முன்பல்லுக்கு நீலம், கடைவாய்க்கு மஞ்சள், மேல், கீழ்ப் பற்களைச் சேர்த்துக் கடித்தபடி எடுக்கும் கடிபடத்துக்குச் சிவப்பு, வேர்ச் சிகிச்சை நடக்கும்போது பச்சை என்று நிறத்திலேயே பிரித்திருக்கிறார்கள். ஹோல்டரின் வளையத்துக்கு நேராகக் கூம்பை வைத்தால் கோணம் தானாகச் சரியாகிவிடும்.

ஹோல்டர் இல்லாமல் கண்மதிப்பில் எடுப்பவர், மேல் முன்பல்லுக்குச் சுமார் 40 பாகை கீழ்நோக்கி, மேல் கடைவாய்க்கு 20, கீழ் முன்பல்லுக்கு 15 பாகை மேல்நோக்கி, கீழ்க் கடைவாய்க்கு 5 என்று மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சாய்வு குறைந்தால் பல் நீண்டு தெரியும், கூடினால் குட்டையாகும். வேர்ச் சிகிச்சையில் வேரின் நீளத்தை அளப்பதே இந்தப் படத்தை வைத்துத்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. பக்கவாட்டுக் கோணம் தவறினால் பக்கத்துப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடையில் உள்ள சொத்தை மறைந்துவிடும். படத்தின் ஓரத்தில் பிறைபோல் வெள்ளை வெட்டு இருந்தால், கூம்பு தள்ளிப் போய்விட்டது என்று பொருள்.

கூம்பு முனையில் கதிர்வட்டம் 6 செ.மீ. விட்டத்துக்கு மிகாமலும், டியூபுக்குள் கதிர் பிறக்கும் குவியத்துக்கும் தோலுக்கும் இடையே குறைந்தது 20 செ.மீ. இருக்கும்படியும் மெஷின்கள் வருகின்றன. 6 செ.மீ. வட்டம் என்றால் சுமார் 28 சதுர செ.மீ. பெரிய அளவுச் சென்சாரே 31க்கு 41 மி.மீ. வாக்கில்தான், அதாவது 13 சதுர செ.மீ.கூட இல்லை. மீதிக் கதிரெல்லாம் வீணாகக் கன்னத்தில் விழுகிறது. கூம்பு முனையில் செவ்வக வடிவ மூடி ஒன்று மாட்டினால் இந்த வீண் பெரும்பாலும் நின்றுவிடும். விலை அதிகமில்லாத, படமும் தெளிவாக்கும் இந்த மூடியை நம் பக்கத்துக் கிளினிக்குகள் இன்னும் அதிகம் பேர் மாட்ட வேண்டும். எடுப்பவர் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, கதிர் போகும் திசைக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். 1 மீட்டரில் நிற்பதற்கும் 2 மீட்டரில் நிற்பதற்கும் வித்தியாசம் பாதி இல்லை, நான்கில் ஒரு பங்கு. சென்சார் உறை ஒவ்வொருவருக்கும் புதிதாக மாற்றப்படுகிறதா என்பதையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோமனூர், பல்லடம், குமாரபாளையம் போன்ற தறி ஊர்களில் உள்ள கிளினிக்குகளுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. பழைய ஏசி வகை மெஷின்கள் லைன் வோல்டேஜைப் பொறுத்தே கதிர் தருபவை. மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு துடிப்பு, நொடிக்கு 50. வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் படம் வெளிறி, சரக்கு இல்லாமல் வரும். உடனே நேரத்தைக் கூட்டி இன்னொன்று எடுப்பார்கள். டிசி வகை மெஷின் வோல்டேஜைத் தானே சமன்செய்து கொள்வதால் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி வரும். புதிதாக வாங்குகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே டிசி வாங்கலாம். ஏற்கெனவே ஏசி வைத்திருப்பவர்கள் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

சிபிசிடி எனும் முப்பரிமாணப் படம் கோவை, சேலம், ஈரோடு, திருப்பூர் சென்டர்களில் கிடைக்கிறது. இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைக்க, புதைந்த கடைவாய்ப்பல் நரம்புக் குழாயை ஒட்டி இருக்கிறதா என்று பார்க்க இது அவசியம். ஓபிஜியில் எல்லாமே 20 முதல் 30 சதவீதம் பெரிதாகத் தெரியும் என்பதால் ஓபிஜியை வைத்து இம்ப்ளான்ட் நீளம் அளக்கக் கூடாது. 5 மி.மீ. எஃகுக் குண்டை வைத்து எடுத்தால் படத்தில் அது 6.25 மி.மீ. ஆக வந்து நிற்கும். அப்படியானால் அந்த இடத்தில் ஒன்றேகால் மடங்கு. நரம்புக் குழாய்க்கு மேல் 2 மி.மீ. இடைவெளி விட வேண்டிய வேலையில் இந்தக் கால் மடங்கு உதட்டை மரத்துப்போக வைக்கும். ஆனால் சிபிசிடியில் நாங்கள் காணும் குறை, தேவைக்கு மேல் எடுப்பது. ஒரு பல்லின் வேர் பார்க்க 5க்கு 5 செ.மீ. பரப்பு போதும், முழு முகத்தையும் எடுத்தால் கதிரும் கூடும், நுண்மையும் குறையும். சீட்டில் டாக்டர் எந்தப் பல், எவ்வளவு பரப்பு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் சென்டர் போனில் கேட்க வேண்டும். கேட்கிற சென்டருக்கு எங்கள் முழு ஆதரவு.

கதிர் அளவைப் பற்றிப் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒருவருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட், நாளுக்கு ஆறரை மைக்ரோசீவர்ட் (ஒரு மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோசீவர்ட்) வாக்கில் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஒற்றைப் பல் படம் 1 முதல் 8 மைக்ரோசீவர்ட். ஓபிஜி 3 முதல் 24 வரை. சிபிசிடி மட்டும் மெஷினையும் பரப்பையும் பொறுத்துப் பத்துகளிலிருந்து ஆயிரம் வரை போகும், அதனால்தான் பரப்பைச் சுருக்கச் சொல்கிறோம். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தள்ளிப்போடக்கூடிய படத்தைத் தள்ளிப்போடலாம், முகம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தால் தள்ள வேண்டியதில்லை. கதிர்வீச்சில் பணிபுரிவோருக்கு வாரியம் வைத்த வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் போகக் கூடாது. சென்டர் டெக்னீஷியனின் நெஞ்சில், ஏப்ரனுக்கு உள்ளே, அவர் மேல் விழும் கதிரைப் பதியும் டிஎல்டி பேட்ஜ் இருந்தால் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளக்கிறார்கள். பேட்ஜைக் கழற்றி எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டி வைத்திருந்தால் அது அளப்பது அறைச் சுவரை.

கைமெஷின் பற்றி எங்கள் கருத்து கறாரானது. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு வீட்டில் போய் எடுக்க, தொலைவான மலைக் கிராம முகாமுக்கு எடுத்துப் போக அது உதவும். கேமரா போன்ற இரண்டு மூன்று கிலோ மெஷினைக் கையில் பிடித்தபடியே பொத்தானை அழுத்துவதால், கூம்பு முனையில் ஈயம் கலந்த தடுப்பு வட்டு கட்டாயம் இருக்க வேண்டும். திரும்பிச் சிதறும் கதிரை அதுதான் தடுக்கிறது. வட்டு நோயாளியின் முகத்துக்கு ஒட்டினாற்போல் இருக்க, மெஷின் தரைக்கு இணையாக இருக்க, நோயாளிதான் தலையைச் சாய்க்க வேண்டும். மெஷினைச் சாய்த்தால் வட்டின் நிழலுக்கு வெளியே எடுப்பவரின் முகமும் இடுப்பும் வந்துவிடும். வட்டு இல்லாத, கூம்பு குட்டையான, வகை ஒப்புதல் இல்லாத மெஷினால் முகாமில் எடுக்க வந்தால் வாயைத் திறக்காதீர்கள். நிலையான மெஷின் உள்ள கிளினிக்கில், இடம் மிச்சம் என்பதற்காகக் கைமெஷினைத் தினசரி வேலைக்கு வைத்திருப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை.

கோவை, சூலூர், திருச்செங்கோடு, குமாரபாளையம், சேலம் என்று பல் மருத்துவக் கல்லூரிகள் நம் பக்கத்தில் நிறையவே இருக்கின்றன. வாய் நோய்க்கும் ரேடியாலஜிக்கும் தனித் துறை இருப்பதால், பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். முடித்த நிபுணர் எழுதும் அறிக்கை கிடைக்கும். தாடையில் கட்டி, காரணம் தெரியாத நிழல் என்றால் அங்கேயே போங்கள். அவசரத்துக்கு ஏற்ற இடமல்ல.

கவுன்டரில் படத்தை வாங்கும்போது அங்கேயே நின்று சரிபார்த்துக் கொள்ளுங்கள். பெயர், வயது, தேதி, வலதைக் குறிக்கும் 'ஆர்' அல்லது இடதைக் குறிக்கும் 'எல்' எழுத்து இருக்க வேண்டும். ஓபிஜி என்றால் இரு பக்கத் தாடை மூட்டுகளும், கீழ்த்தாடையின் அடி விளிம்பும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். பளபளப்புத் தாளில் அச்சடித்த படத்தில் சாம்பல் நிற வேறுபாடுகள் பாதி போய்விடும். டிஜிட்டல் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். சிபிசிடி என்றால் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை) கோப்புகளும் அதைத் திறக்கும் மென்பொருளும் சேர்த்துத் தர வேண்டும், சில பக்கங்களை அச்சடித்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், வேர் நுனியின் மெல்லிய கோடு காணாமல் போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வாங்கி வைத்த கோப்பு இருந்தால், ஆறு மாதம் கழித்துக் கோவையில் வேறு டாக்டரிடம் போகும்போது இன்னொரு ஓபிஜிக்குச் சீட்டு எழுத வேண்டியிருக்காது.